ஒரு துளி இரத்தமும் ஒரு கண்ணாடிச் சில்லும்



கிளினிக் பெஞ்சில் காலை முழுதும் காத்திருந்த அனுபவம் இல்லாத குடும்பம் தோட்டப்புறத்தில் இருக்க முடியாது. சென்ற ஆண்டு அப்படி ஒரு பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்தபோது நமக்குப் பக்கத்தில் இரண்டு தாய்மார்கள் இருந்தார்கள். ஒருவருக்கு இனிப்பு நீர். தாதி அவர் விரலில் ஊசியால் குத்தி, கையடக்கக் கருவியில் செருகிய சிறு பட்டையில் ஒரு துளி இரத்தத்தைத் தொட்டார். பத்து எண்ணுவதற்குள் கருவியில் எண் வந்துவிட்டது. "அம்மா, கொஞ்சம் கூடியிருக்கு, சோற்றைக் குறையுங்க" என்றார் தாதி. அந்த அம்மாளின் வேலை முடிந்தது.

மற்றவர் நம் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையின் தாயார். அவர் மனநோய்க்காக லித்தியம் என்னும் மருந்து சாப்பிடுபவர். அந்த மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவ்வப்போது அளந்து பார்த்தே தீரவேண்டும். அவருடைய கையிலிருந்து ஒரு குழாய் நிறைய இரத்தம் எடுத்தார்கள். அது பட்டணத்துக்குப் போகும்; முடிவு பிறகு வரும்; அவரும் மீண்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். "அந்தக்காவுக்கு மட்டும் உடனே சொல்றாங்க, எனக்கு ஏன் சார் சொல்ல மாட்டேங்குறாங்க?" என்று அவர் நம்மைக் கேட்டார். அன்று நம்மால் சரியான விடை சொல்ல இயலவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகே அந்தக் கேள்விக்குள் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருப்பது தெரிந்தது. இன்றைய உரையில் அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

இரத்தம் என்பது ஒரு பெரிய கலவை. உப்பு, சர்க்கரை, புரதம் என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் அதில் கரைந்தும் மிதந்தும் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் அளக்கவேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. அந்த ஒன்றை மட்டும் அடையாளம் காணும் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கலாம். அல்லது எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொன்றாக எண்ணலாம். முதல் வழியில் வந்தது இனிப்பு நீர் பட்டை. இரண்டாவது வழியின் கதை ரப்பர் பாலோடு தொடர்புடையது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

மரம் சீவிப் பழகியவர்களுக்கு இது தெரியும். மங்கில் வடிந்த பாலை அப்படியே விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் கட்டிவிடும். அம்மோனியா சேர்த்தால் கட்டாமல் நிற்கும். ஸ்டோரில் பார்மிக் ஆசிட்டைச் சேர்த்தால் உறைந்து போகும். ஏன் இப்படி? பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய போர்வை உண்டு. அந்தப் போர்வை எதிர் மின்சுமை உடையது. ஒரே வகைச் சுமை உள்ளவை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? ஆகவே துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலகியே மிதக்கின்றன. ஆசிட் அந்தச் சுமையைப் போக்கிவிடுகிறது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் துகள்கள் சேர்ந்து கட்டியாகின்றன.

எதிர்ச் சுமை உள்ள துகள் நேர்மின் முனையை நோக்கி ஓட வேண்டும் அல்லவா? ஓடத்தான் செய்கிறது. நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது இதைச் செய்து பார்த்தோம். அம்மோனியா கலந்த பாலை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பழைய டார்ச் பேட்டரிகளை உடைத்து எடுத்த இரண்டு கரிக்குச்சிகளை அதில் நிறுத்தி, லோரி பேட்டரியின் இரண்டு முனைகளையும் அவற்றில் இணைத்தோம். சற்று நேரம் கழித்து வெளியே எடுத்தபோது நேர்முனைக் குச்சியின் மேல் ரப்பர் ஆடை படர்ந்திருந்தது. மற்றக் குச்சியில் ரப்பர் படியவில்லை. விரிவுரையாளரை விட அதிகமாக மகிழ்ந்தவர் கல்லூரித் தோட்டக்காரர். அவரும் ஒரு காலத்தில் மரம் சீவியவர். இதையே 1920களில் அமெரிக்காவின் கோடாக் நிறுவன ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் எபர்லினும் ரப்பர் பொருள்கள் செய்யும் முறையாகவே வளர்த்தார்கள்.

மின்சாரத்தால் துகள்கள் இவ்வாறு நகர்வதை மின்முனைக் கவர்ச்சி என்று பாடநூல்கள் கூறும். விஞ்ஞானிகள் எலெக்ட்ரோபோரெசிஸ் என்பார்கள். இதை முதலில் கண்டு எழுதியவர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ரியூஸ். இத்தாலியரான வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்திருந்தார். அதைப் பயன்படுத்தி 1807இல் ரியூஸ் ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை ஊன்றி, அவற்றில் நீர் ஊற்றி, மின்சாரம் செலுத்தினார். களிமண் துகள்கள் நேர்முனை இருந்த குழாய்க்குள் ஏறிக் கலங்கின. எதிர்முனை இருந்த குழாயிலோ நீர் மட்டம் உயர்ந்தது. துகள் ஒரு பக்கமும் நீர் மறு பக்கமும் போயின. இந்த இரண்டாவது செய்தியை, அதாவது மின்சாரம் நீரையே தள்ளிச் செல்லும் என்பதை, நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் அது உதவிக்கு வரும்.

நகரும் இந்தப் பொருள்களுக்குப் பெயர் கொடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவர். அவர் 1834இல் சுமையுள்ள நுண்பொருளுக்கு அயனி என்ற பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் அதற்குப் 'போவது' என்று பொருள். உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஒரே திசையில் போகும் அயனிகளுக்குள்ளும் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போகும். ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் புறப்பட்டாலும் சற்றுத் தூரம் போனதும் பிரிந்துவிடுவதைப் போல, கலவையும் பிரிந்துவிடும்.

இதை இரத்தத்தில் செய்து காட்டியவர் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரத்தவரான ஆர்னே டிசீலியஸ். 1937இல் அவர் அமைத்த கருவி இரத்த நீரிலிருந்த புரதங்களை ஆல்புமின் என்றும், ஆல்பா, பீட்டா, காமா குளோபுலின்கள் என்றும் பிரித்துக் காட்டியது. 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் இத்தகைய கருவியைக் கொண்டு, அரிவாள் செல் சோகை நோயாளியின் ஹீமோகுளோபின் மற்றவர்களுடையதைப் போல நகர்வதில்லை என்று நிறுவினார்கள். ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறே காரணம் என்று முதன்முதலாகக் காட்டியது அந்த ஆய்வுதான். இன்று நம் பிள்ளைகளுக்குத் தாலசீமியா இருக்கிறதா என்று சோதிப்பதற்கும் இதே வழிமுறை பயன்படுகிறது.

ஆனால் டிசீலியசின் கருவி மேசை மேல் வைக்கக்கூடியதன்று. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். பிரிந்த புரதங்கள் எங்கே நிற்கின்றன என்று காண அதில் நீண்ட ஒளியமைப்பு தேவைப்பட்டது. அதற்கும் மேலாக வெப்பம் ஒரு தொல்லை. மின்சாரம் ஓடினால் நீர் சூடாகும். சூடான நீர் சுழலும். பிரிந்து நின்றவை மீண்டும் கலந்துவிடும். குழாயை மெல்லியதாக்கினால் சூடு விரைவாக வெளியேறிவிடும் என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தே இருந்தது. 1967இல் உப்சாலாவைச் சேர்ந்த யெர்டேன் மூன்று மில்லிமீட்டர் உட்துளை உள்ள குழாய்களைப் பயன்படுத்தினார். அவை தம்மைத் தாமே சுழன்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. 1981இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜார்கன்சனும் லூகாக்சும் ஒரேயடியாகத் தலைமுடியின் பருமனே துளையாக உள்ள கண்ணாடி நுண்குழாயை எடுத்துக்கொண்டார்கள். துளை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எட்டுப் பங்குக்கும் குறைவு. அதன் இரு நுனிகளுக்கும் இடையே முப்பதாயிரம் வோல்ட் வரை கொடுத்தார்கள். வெப்பம் தொல்லை தரவில்லை. கலவைகள் அதுவரை காணாத அளவு துல்லியமாகப் பிரிந்தன.

ஒரு தொல்லை நீங்க, இன்னொன்று முளைத்தது. பிரித்தாகிவிட்டது, பிரிந்ததை எப்படிக் காண்பது?

கோப்பிக் கடையில் கோப்பி ஓ கேட்டால் குவளையில் கருகருவென்று வருகிறது. அதே கோப்பி தட்டில் சிந்தினால் வெளிறிய பழுப்பாகத் தெரிகிறது. கோப்பி ஒன்றுதான்; ஒளி கடந்து செல்லும் ஆழம் வேறு. நுண்குழாயின் குறுக்கே ஒளியைச் செலுத்தினால் அது கடக்கும் தூரம் ஒரு முடியின் பருமன்தான். அந்தச் சிறு தூரத்தில் பொருள் இருக்கிறதா இல்லையா என்றே ஒளிக்குத் தெரிவதில்லை. லேசர் ஒளியால் பொருளை ஒளிரச் செய்து காணலாம். ஆனால் பெரும்பாலான பொருள்களுக்கு முதலில் ஒளிரும் சாயம் ஏற்ற வேண்டும். லேசரும் அதற்குரிய கண்ணாடி வில்லைகளும் விலையும் எடையும் உடையவை. குழாய் எவ்வளவு சிறுத்தாலும் அதைப் பார்க்கும் கண் சிறுக்கவில்லை.

இங்கேதான் நம் கதையின் இரண்டாவது கிளை வந்து சேருகிறது. மின்சாரத்தைக் கொண்டே பொருளை அறியும் கலை வேறொரு பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பிராகா நகரத்தைச் சேர்ந்த ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் ஒரு கண்ணாடி நுண்குழாயிலிருந்து பாதரசத்தைச் சொட்டுச் சொட்டாகக் கரைசலுக்குள் விழவிட்டு, அந்தச் சொட்டையே மின்முனையாக்கினார். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உரிய அழுத்தம் வந்ததும் எலெக்ட்ரானை வாங்கத் தொடங்கும். உடனே மின்னோட்டம் எகிறும். எந்த அழுத்தத்தில் எகிறியது என்பது பொருளின் பெயரைச் சொல்லும். எவ்வளவு எகிறியது என்பது அதன் அளவைச் சொல்லும். ஜப்பானியரான ஷிகாத்தாவோடு சேர்ந்து, தானே வரைபடம் எழுதும் கருவியையும் அவர் ஆக்கினார். 1959இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பாதரசம் நச்சுப் பொருள் என்பதால் அந்த முறை பிற்காலத்தில் அருகிப் போனது. கருத்து மட்டும் நிலைத்தது.

அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் அந்தக் கருத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். 1962இல் அவரும் லையன்சும் மின்முனையின் மேல் சர்க்கரையை மட்டும் அடையாளம் காணும் ஒரு நொதியைப் பொருத்தலாம் என்று அறிவித்தார்கள். சர்க்கரை வந்தால் நொதி அதைப் பிடித்து மாற்றும். அந்த மாற்றத்தை மின்முனை உணரும். இனிப்பு நீர் பட்டையின் பிறப்பு அதுவே. 1980களின் பிற்பகுதியில் பேனா அளவுக் கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. பெஞ்சில் நம் பக்கத்தில் இருந்த முதல் தாயாரின் விடை அந்த வழியில் கிடைத்தது. லித்தியத்தை அப்படிப் பிடிக்கும் நொதியைப் பட்டையில் பொருத்தும் வழி அப்போது எவரிடமும் இருக்கவில்லை. ஆகவே இரண்டாவது தாயாரின் வழி நீண்டுகொண்டே போயிற்று.

சரி, நுண்குழாயின் கடைசியில் ஒரு சிறு மின்முனையை வைத்துவிட்டால் ஆயிற்றே என்று நேயர்கள் கேட்கலாம். அதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. பிரிப்பதற்காகக் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்டறியவேண்டிய மின்னோட்டமோ, அந்தக் குழாயில் ஓடும் ஓட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது காதருகே கொசு பாடுவதைக் கேட்க முயல்வது போன்றது அது.

1987இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாலிங்ஃபோர்டும் ஆண்ட்ரூ யூவிங்கும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குழாய் முடிவதற்குச் சற்று முன்னால் அதை ஒடித்து, ஒடித்த இடத்தைச் சுற்றி நுண்துளைகள் நிறைந்த கண்ணாடி உறையைப் பொருத்தி, அந்த இடத்தை உப்புக் கரைசலில் அமிழ்த்தி, மின்சுற்றை அங்கேயே முடித்துவிட்டார்கள். மின்சாரம் நுண்துளைகள் வழியே வெளியேறிவிட்டது. அப்படியானால் பிரிந்த பொருள்களை எஞ்சிய தூரம் தள்ளிச் செல்வது யார்? ரியூஸ் 1807இல் கண்டாரே, மின்சாரம் நீரையும் தள்ளும் என்று, அந்த நீரோட்டம்தான். மதகுக்கு முன்னால் பெற்ற வேகத்திலேயே வாய்க்கால் நீர் மதகைக் கடந்து ஓடுவது போல, நீர் பொருள்களைச் சுமந்துகொண்டு மின்சாரம் இல்லாத பகுதிக்குள் சென்றது. அங்கே ஒரு கரியிழை மின்முனை அமைதியாகக் காத்திருந்தது. மேளம் நின்றது, கொசு கேட்டது. அடுத்த சில ஆண்டுகளில் யூவிங் குழுவினர் நத்தையின் ஒற்றை நரம்புச் செல்லிலிருந்தே மாதிரி எடுத்து அதிலிருந்த டோபமினை அளக்கும் அளவுக்கு இந்த முறை கூர்மை பெற்றது.

நம் கருத்தில் இந்தக் கதையின் முடிச்சு அவிழ்ந்த இடம் இதுதான். கருவி சிறுத்ததைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பிரிக்கும் மின்சாரத்தையும் கண்டறியும் மின்சாரத்தையும் ஒன்றின் குரல் மற்றதை மூடாமல் ஒரே வீட்டில் குடிவைத்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இனிச் சில்லுக்கு வருவோம். 1990இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா கைகி நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்ட்ரியாஸ் மான்ஸ், வேதிக்கூடம் முழுவதையும் ஒரு சிறு தகட்டில் அடக்கலாம் என்ற கருத்தைத் தம் துணைவர்களோடு வெளியிட்டார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஹாரிசனோடு சேர்ந்து, சில ஆண்டுகளுக்குள் அதைக் கண்ணாடியில் செய்தும் காட்டினார். செய்முறை கணினிச் சில்லு செய்யும் முறையைப் போன்றதே. கண்ணாடித் தகட்டின் மேல் ஒளியால் வரைபடம் பதித்து, ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து, கண்ணுக்குத் தெரியாத ஓடைகளை வெட்டுவார்கள். இன்னொரு தகட்டை மேலே வைத்துச் சூட்டால் ஒட்டினால் ஓடை குழாயாகிவிடும். ஓடைகள் பெரும்பாலும் சிலுவை வடிவில் இருக்கும். குட்டை ஓடை வழியாக மாதிரியை ஓடவிட்டு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் சந்தியில் மின்னழுத்தத்தின் திசையை மாற்றினால், சந்தியில் நின்ற துணுக்கு மட்டும் நீள ஓடைக்குள் இழுக்கப்படும். ஒரு துளி இரத்தத்தைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அந்தத் துணுக்கு. பம்பும் இல்லை, வால்வும் இல்லை. சில சென்டிமீட்டர் ஓடையில் சில நொடிகளில் பந்தயம் முடிந்துவிடும்.

ஆனால் இந்த முதல் சில்லுகளும் லேசரைக் கொண்டே பார்த்தன. சில்லு தபால்தலை அளவு, அதைப் பார்க்கும் கருவி மேசை அளவு! 1998இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வூலி, லாவ், மாதீஸ், கிளேசர் என்னும் நால்வர் பிளாட்டின மின்முனையை ஓடையின் வாய்க்கு வெளியே மிக அருகில், சில்லின் கண்ணாடியிலேயே பதித்தார்கள். ஓடை அகன்ற குழியில் விழும் இடத்தில் அழுத்தம் சட்டென்று தணிந்துவிடுகிறது. ஆகவே குழாயை ஒடிக்கவும் வேண்டாம், உறை போடவும் வேண்டாம். மறு ஆண்டு ஜோசப் வாங் குழுவினர் மின்முனையைச் சட்டைத் துணியில் எழுத்து அச்சடிப்பது போல, கரி மையால் ஒரு பட்டையில் அச்சடித்து ஓடை வாயில் பொருத்தினார்கள். அழுக்குப் படிந்தால் பட்டையை எறிந்துவிட்டு வேறொன்று பொருத்தலாம். மின்முனையில் அழுக்குப் படிவது இந்த முறையின் பழைய நோய். பொருள் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் போகும்போது சில வேளைகளில் ஒட்டிக்கொண்டும் விடுகிறது.

எலெக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ விரும்பாத பொருள்களை என்ன செய்வது? சோடியம், பொட்டாசியம், லித்தியம் முதலியன நீரில் அயனியாகிவிட்ட பிறகு மேலும் கொடுக்க ஒன்றும் வைத்திருப்பதில்லை. அவற்றை அறிய வேறொரு குணம் உண்டு. அயனி உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஓடையில் ஓர் அயனிக் கூட்டம் கடந்து செல்லும்போது அந்த இடத்தின் கடத்துதிறன் மாறும். அதை அளந்தால் போதும். அளக்கும் மின்முனை கரைசலைத் தொடவேண்டிய அவசியம் கூட இல்லை என்று 1998இல் இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று சாராமல் கண்டுபிடித்தன. ஒன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் சேமன் குழுவினர். மற்றது பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஃபிரகாசி ட சில்வாவும் டொ லாகோவும். பிரேசில்காரர்கள் செய்தது மிக எளியது. நுண்குழாயின் வெளிப்புறத்தில் வெள்ளிச் சாயத்தால் இரண்டு மில்லிமீட்டர் அகல வளையங்கள் இரண்டு தீட்டினார்கள். ஒரு வளையத்தில் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், அது குழாய்ச் சுவரையும் கரைசலையும் கடந்து மறு வளையத்தில் கேட்கும். அழுக்குப் படிவதற்கு மின்முனை கரைசலுக்குள்ளேயே இல்லை! வளையல் தீட்டுவது போல் ஒரு வேலை, உலகின் பல ஆய்வுக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்தத் தாயாரின் மருந்துக்கு வருவோம். லித்தியம் மனநோய்க்கு உதவும் என்று கண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1945 வரை சிங்கப்பூரின் சாங்கியில் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்தவர். ஊர் திரும்பிய பின் மெல்பர்ன் அருகே ஒரு மருத்துவமனையில், பழைய சமையலறை போன்ற ஓர் இடத்தில் ஆராய்ந்து, லித்தியம் உப்பு முதலில் கினிப் பன்றிகளை அமைதிப்படுத்துவதைக் கண்டார். தாமே அதை உட்கொண்டு பார்த்த பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949இல் கட்டுரை வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டுக்கடங்காமல் இருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் முதன்முதலாகக் குணம் கண்டவரே 1950இல் லித்தியம் நச்சால் இறந்துபோனார். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது. ஒரு லிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5ஐத் தாண்டினால் நச்சின் அறிகுறிகள் தோன்றலாம். 1950களில் மெல்பர்னில் டிராட்னர் போன்றவர்கள் இரத்தத்தை அளந்து அளந்து மருந்தளவை ஒழுங்குபடுத்திய பிறகே இது நம்பிக்கையான மருந்தாயிற்று.

வெயிலில் உழைப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். அந்தத் தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் கிடந்தபோது அவருடைய கை நடுங்கியது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. உடம்புச் சூடு என்றே வீட்டில் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்ததால் பிழைத்தார். இரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இந்த மருந்தைச் சாப்பிடுபவர்கள் பயந்துபோய்த் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

இரத்தத்தில் லித்தியத்தை அளப்பது எளிதன்று. சோடியம் அதே இரத்தத்தில் 140 மில்லிமோல் அளவுக்கு இருக்கிறது. லித்தியத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். பெரிய கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது போன்ற வேலை. நெதர்லாந்தின் துவென்ட்டே பல்கலைக்கழகத்தில் ஃபிரவ்வே, லுட்கே, வான் டென் பெர்க் ஆகியோர் 2004இல் இதைச் சில்லில் செய்து வெளியிட்டார்கள். இரத்தத்தை முன்கூட்டிப் பிரித்துத் தயார் செய்யாமல் அப்படியே சில்லில் இட்டார்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் அயனிகளின் பந்தயம் தொடங்குகிறது. பொட்டாசியம் முன்னே வருகிறது, பிறகு சோடியம், கடைசியில் லித்தியம். இந்த மூன்றில் லித்தியம்தான் மிகச் சிறியது; சிறியது முந்த வேண்டாமா? சிறியதாக இருப்பதாலேயே அதன் மின்சுமை ஓரிடத்தில் குவிந்து நீர் மூலக்கூறுகளை இறுக இழுத்து வைத்துக்கொள்கிறது. நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடும் சிறுவனைப் போல அது பின்தங்குகிறது. அப்படிப் பின்தங்குவதால்தான் சோடியத்தின் பெருங்கூட்டம் கடந்து போன பிறகு, தனியே வந்து கடத்துதிறன் அளவியின் முன்னால் நிற்கிறது. 2007இல் அதே குழுவினர் படுக்கையருகே வைத்துச் சோதிக்கும் வகையில் இதை மேலும் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். விரல் நுனித் துளி போதும். விடை சில நிமிடங்களில்.

அப்படியானால் நம் கிளினிக்கில் அது ஏன் இல்லை? ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை எல்லாம் கடைக்கு வந்துவிடுவதில்லை. இரத்தப் புரதம் கண்ணாடிச் சுவரில் ஒட்டி ஓட்டத்தைக் கெடுக்கிறது. ஒரு சிறு குமிழி புகுந்தாலும் மின்சுற்று அறுந்துவிடும். சில்லை ஒரு முறை பயன்படுத்தி எறிய வேண்டுமானால் அதன் விலை குறையவேண்டும். விலை குறைய வேண்டுமானால் கோடிக்கணக்கில் விற்கவேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், பட்டை மலிந்தது. லித்தியம் சாப்பிடுபவர்கள் அவ்வளவு பேர் இல்லை. 1999இல் சந்தைக்கு வந்து பெயர் பெற்ற அஜிலண்ட் நிறுவனத்தின் சில்லுக் கருவி கூட லேசரால் பார்க்கும் கருவியே. அது மரபணு ஆய்வுக்கூடங்களுக்காகச் செய்யப்பட்டது. விஞ்ஞானம் முதலில் வாங்கக்கூடியவர் வீட்டுக்குத்தான் போகிறது என்று வருந்துவதில் நமக்குத் தவறு தெரியவில்லை.

அந்தத் தாயாரைப் போன வாரம் பள்ளி வாசலில் பார்த்தோம். அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் கழித்து நாம் விடை சொன்னோம். இனிப்பு நீர் பட்டை சர்க்கரையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. உங்கள் மருந்தை அப்படிக் கூப்பிட முடியாது, கூட்டத்தையே வரிசையில் ஓடவிட்டு, கடைசியில் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "கடைசியா வந்தாலும் வந்துடும் இல்ல சார்?" என்று கேட்டார். வரும் என்றோம். அடுத்த இரத்தச் சோதனைக்கு நாள் குறித்த அட்டையைக் காட்டினார். அது பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டார்.

நேயர்கள் வீட்டில் இனிப்பு நீர் கருவி இருக்குமானால், பயன்படுத்தாத ஒரு பட்டையை எடுத்துப் பிள்ளைகளிடம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். அதன் மேல் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். அவையே மின்முனைகள்.